பகுதியா, விகுதியா? இத்தாலிய வினைச்சொற்களில் அசையும் அழுத்தமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்றைய பேச்சுக்கு இத்தாலிய மொழியின் ஒரே ஒரு சொல்லை முன்வைத்துத் தொடங்குகிறேன். ஆறு எழுத்து, மூன்று அசை. முதல் அசையை அழுத்தி 'கா-பி-தோ என்றால் “தற்செயலாக வந்து சேர்கிறேன்” என்று பொருள். நடு அசையை அழுத்தி க-'பீ-தோ என்றால் “புரிந்தது”. கடைசி அசையை அழுத்தி க-பி-'தோ என்றால் “நேர்ந்தது”. அச்சில் மூன்றாவது சொல்லுக்கு மட்டும் கடைசி உயிரின் மேல் ஒரு சாய்கோடு உண்டு. முதல் இரண்டுக்கும் எழுத்தில் எந்த வேறுபாடும் இல்லை. படிக்கிறவர் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றுமே வினை வடிவங்கள் என்பதைக் கவனியுங்கள். இத்தாலியத்தில் அழுத்தம் இடம் மாறினால் காலம் மாறுகிறது, தன்மை, படர்க்கை என்ற இடம் மாறுகிறது, சில வேளைகளில் வினையே மாறுகிறது. அந்த அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு ஒழுங்கு உண்டா, உண்டு என்றால் அதை எப்படிச் சொல்வது நேர்மையான வழி என்பதே இன்றைய கேள்வி.

முதலில் எழுத்துமுறை பற்றி ஒரு சொல். இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அசைகளைச் சிறுகோடு பிரிக்கும். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் ஒற்றைக் குறி நிற்கும். மூல மொழியில் மெய் இரட்டித்த இடத்தில் மட்டுமே இங்கும் இரட்டித்திருக்கிறேன். அசை என்று நான் சொல்வது யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசை அல்ல. ஓர் உயிரும் அதைச் சார்ந்த மெய்களும் சேர்ந்த ஒலித்துண்டையே மொழியியலார் அசை என்கிறார்கள். ‘கட’ என்பது யாப்பில் ஒரு நிரையசை, இங்கே இரண்டு அசை. தமிழில் அழுத்தம் சொற்பொருளை மாற்றுவதில்லை. ‘படி’ என்பதில் எந்த எழுத்தை ஓங்கிச் சொன்னாலும் அது படிதான். நம் மொழியில் பொருளை மாற்றுவது மாத்திரையும் ஒற்றும்: படு, பாடு, பட்டு. ஆகவே அழுத்தம் என்ற ஒன்றைக் கேட்கவே நம் காது தனியாகப் பழக வேண்டும். ஆனால் அதைப் புரிந்துகொள்ளத் தேவையான இலக்கணக் கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இத்தாலிய இலக்கண நூல்கள் அழுத்தத்தைச் சொல்லின் கடைசியிலிருந்து எண்ணுகின்றன. ஈற்றசையில் விழுந்தால் அது த்ரொங்கா, அதாவது வெட்டுண்ட சொல். ஈற்றயலில் விழுந்தால் பியானா, சமநிலைச் சொல். அதற்கும் முந்தியதில் விழுந்தால் ஸ்த்ருச்சொலா, வழுக்கும் சொல். நான்காவதில் விழுந்தால் பிஸ்த்ருச்சொலா. பெயர்கள் அழகானவை, மொழியின் பெரும்பாலான சொற்கள் பியானா வகை என்பதும் உண்மை. பெயர்ச்சொற்களுக்கு இந்தப் பாகுபாடு போதும். வினைக்கு வந்தால் அது உதவுவதில்லை. பேசு என்று பொருள்படும் ஒரே வினை 'பர்-லோ என்று சமநிலையில் நிற்கிறது, 'பர்-ல-னோ என்று வழுக்குகிறது, பர்-'லோ என்று வெட்டுண்டு போகிறது. மாணவர் இதைப் பார்த்து, அழுத்தம் அங்குமிங்கும் அலைகிறது என்று முடிவு கட்டுகிறார். அலைவது அழுத்தம் அன்று, நாம் எண்ணத் தொடங்கும் முனை தவறு என்பதே என் கருத்து. வினையில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியிலிருந்து எத்தனையாவது அசை என்பது அன்று. நன்னூல் கற்றவர் எந்தச் சொல்லைக் கண்டாலும் கேட்கும் கேள்விதான் இங்கும் பொருந்தும்: பகுதி எது, விகுதி எது? அழுத்தம் அவற்றுள் எதன்மேல் நிற்கிறது?

அதற்கு முன் அசை பிரிக்கும் முறையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின் உயிரோடு சேரும். மெய் இரட்டித்தால் ஒன்று முன்னசையை மூடும், மற்றது பின்னசையைத் திறக்கும். நாம் பட்டு என்பதைப் பட்-டு என்று பிரிப்பது போலத்தான். 'கா-தே என்றால் “விழுகிறது”, 'கத்-தே என்றால் “விழுந்தது”. திறந்த அசையில் அழுத்தம் விழுந்தால் உயிர் நீள்கிறது. மூடிய அசையில் நீள்வதில்லை. வல்லெழுத்தும் ரகரமும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் சேர்ந்தே பின்னசைக்குப் போகும். “திறக்கிறேன்” என்பது 'ஆ-ப்ரோ, முதல் உயிர் நீளும். சிக்கல் ஸகரத்தில் இருக்கிறது. “போதும்” என்று பொருள்படும் பஸ்தா என்ற வினையைப் பள்ளிப் பாடம் ப-ஸ்தா என்று பிரிக்கிறது. வரி முடிவில் சொல்லை உடைக்கவும் அதுவே விதி. ஆனால் இத்தாலியர் எவரும் அதன் முதல் உயிரை நீட்டிச் சொல்வதில்லை. முதலசை திறந்திருந்தால் நீண்டிருக்க வேண்டும். நீளவில்லை என்றால் ஸகரம் அதை மூடியிருக்கிறது என்று பொருள்: 'பஸ்-தா. இதற்கு மொழியே இன்னொரு சான்றையும் வைத்திருக்கிறது. ஸ்க்ரித்தோ என்றால் “எழுதப்பட்டது”. “எழுத்து மூலமாக” என்று சொல்லும்போது மட்டும் பெர் இஸ்க்ரித்தோ என்று ஓர் இகரம் முன்னால் முளைக்கிறது. முன்சொல் மெய்யில் முடிவதால் ஸகரம் ஒட்டிக்கொள்ள ஓர் உயிர் தேவைப்பட்டது. பழைய வழக்கு இந்தத் தொடரில் இன்றும் தங்கியிருக்கிறது. அச்சுக்கூடத்தின் அசை வேறு, காதின் அசை வேறு. அழுத்தத்தை ஆராய்பவர் காதின் பக்கம் நிற்க வேண்டும்.

இந்த நீட்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் லத்தீனுக்குப் போக வேண்டும். லத்தீனில் குறிலும் நெடிலும் தமிழைப் போலவே பொருள் வேறுபடுத்தும் ஒலிகள். அங்கே ஈற்றயலசை நெடிலாகவோ மெய்யால் மூடியதாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும். இல்லையென்றால் அதற்கு முந்தைய அசைக்குப் போகும். அசையின் எடை அழுத்தத்தின் இடத்தை முடிவு செய்தது. பிற்காலப் பேச்சுவழக்கில் குறில் நெடில் வேறுபாடு அழிந்தது. அழுத்தமோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. காரணம் போய் விளைவு மட்டும் மிஞ்சியது. இத்தாலியத்தில் உறவு தலைகீழாகி, அழுத்தம் விழும் அசைதான் எடை பெறுகிறது. திறந்த அசையானால் உயிர் நீள்கிறது. சொல்லின் ஈற்றில் அழுத்தம் விழுந்தால் அங்கே உயிர் நீள்வதில்லை. அடுத்த சொல்லின் முதல் மெய் இரட்டித்து அந்த அசையை மூடுகிறது. பர்-'லோ என்பதற்குப் பின் “அதிகமாக” என்று பொருள்படும் தந்தோ வந்தால், பொதுமொழியிலும் நடு, தென் இத்தாலியப் பேச்சிலும் பர்லோத்தந்தோ என்றே கேட்கும். வல்லெழுத்து மிகும் இடங்களைப் படித்து வளர்ந்த நமக்கு இது பழக்கமான ஓசை. அங்கே மிகுவதற்கு முதன்மைக் காரணம் அழுத்தம். “சொல்” என்ற ஏவலோடு “எனக்கு” என்பதைக் குறிக்கும் மி சேரும்போது 'திம்-மி என்று எழுத்திலேயே மகரம் இரட்டிப்பதும் இதனால்தான்.

இனி வினையை முழுதாக விரித்துப் பார்ப்போம். இத்தாலிய வினைக்குக் கூட்டுக்காலங்களை விட்டுவிட்டால் ஏழு வாய்பாடுகள்: நிகழ்காலம், தொடர் இறந்தகாலம், முற்றிய இறந்தகாலம், எதிர்காலம், நிபந்தனை வடிவம், விழைவு வடிவத்தின் நிகழ்காலமும் இறந்தகாலமும். ஒவ்வொன்றிலும் ஆறு இடங்கள், ஆக 42 வடிவங்கள். பர்-'லா-ரே என்ற ஒழுங்கான வினையை எடுத்து எண்ணினால், 34 வடிவங்களில் அழுத்தம் விகுதிப் பக்கம் விழுகிறது. விகுதி தெரிந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. எஞ்சிய எட்டு வடிவங்கள் நிகழ்காலத்தில் நான்கு, விழைவு நிகழ்காலத்தில் நான்கு. அந்த நான்கும் எப்போதும் ஒரே இடங்கள்தான்: நான், நீ, அவர், அவர்கள். 'பர்-லோ, 'பர்-லி, 'பர்-லா என்று ஒருமை மூன்றும் பகுதியை அழுத்துகின்றன. நாம் என்பதற்கு பர்-'லியா-மோ, நீங்கள் என்பதற்கு பர்-'லா-தே என்று அழுத்தம் விகுதிக்குப் போகிறது. அவர்கள் என்பதற்கு 'பர்-ல-னோ என்று மீண்டும் பகுதிக்கு வருகிறது. ஏவல் வடிவங்களும் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன. நாலுக்கு இரண்டு என்ற இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

படர்க்கைப் பன்மைதான் மாணவரை அதிகம் தடுமாற வைப்பது. தொலைபேசியில் பேசுகிறார்கள் என்பது தெ-'லே-ஃபொ-ன-னோ. அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவது அசை. அழுத்தம் கடைசி மூன்று அசைக்குள் நிற்கும் என்ற பொதுவிதியை இது மீறுகிறதே என்று கேட்கலாம். கடைசியிலிருந்து எண்ணினால் மீறல்தான். ஒருமையைப் பக்கத்தில் வையுங்கள்: தெ-'லே-ஃபொ-னா. பன்மை என்பது இந்த ஒருமையோடு னோ சேர்ந்த வடிவம். அழுத்தம் அசையவே இல்லை. இந்த ஒழுங்கு எல்லாக் காலங்களிலும் நிற்கிறது. பர்-'லா-வா, பர்-'லா-வ-னோ. பர்-'லஸ்-ஸே, பர்-'லஸ்-ஸெ-ரோ. பர்-லெ-'ரா, பர்-லெ-'ரன்-னோ. முற்றிய இறந்தகாலத்தில் பர்-'லோ என்பதன் பன்மை பர்-'லா-ரொ-னோ. உயிர் மாறுகிறது, ஆனால் அழுத்தம் இரண்டிலும் இரண்டாம் அசைதான். முன்னாலிருந்து எண்ணுங்கள், ஒருமையும் பன்மையும் ஒரே இடத்தில் அழுத்தம் பெறுவது தெரியும். வரலாறும் இதையே சொல்கிறது. லத்தீனில் “பாடுகிறார்கள்” என்பது 'கந்-தந்த், இரண்டே அசை. ஈற்று மெய் தேய்ந்து கந்தன் ஆனது. “இருக்கிறார்கள்” எனப் பொருள்படும் ஸோனோவைப் பார்த்து மற்ற வினைகளும் ஓர் ஓகாரத்தை ஏற்றுக்கொண்டன என்று வரலாற்றிலக்கணத்தார் விளக்குகிறார்கள். அழுத்தம் தன் இடத்திலேயே இருந்தது. அதன் பின்னால் ஓர் அசை வந்து ஒட்டியது. கவிதையிலும் இசைநாடகப் பாடல்களிலும் அந்த ஓகாரத்தைக் கவிஞர்கள் விருப்பம்போல் உதிர்த்துவிட்டு கந்தன் என்று பாட முடிந்ததற்கும் இதுவே காரணம்.

வினையோடு ஒட்டும் சிறு பெயர்ச்சொற்களும் இதே பாடத்தைத் தருகின்றன. “கொண்டு வா” என்பது 'பொர்-தா. “அதை எனக்குக் கொண்டு வா” என்பது 'பொர்-த-மெ-லோ. “அதை எனக்குச் செய்து கொடு” என்பது 'ஃபப்-ப்ரி-க-மெ-லோ. அழுத்தம் கடைசியிலிருந்து ஐந்தாவது. பின்னால் எத்தனை அசை சேர்ந்தாலும் வினை தன் அழுத்தத்தை விட்டுக்கொடுப்பதில்லை. கடைசியிலிருந்து எண்ணும் மரபைத் தந்த இத்தாலியரே கவிதையில் அப்படி எண்ணுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாந்தே தம் பெருங்காப்பியத்தின் 14,233 அடிகளையும் அமைத்த பதினோரசை அடியில், கடைசி அழுத்தம் பத்தாம் அசையில் விழ வேண்டும் என்பதே அடிப்படை. அதற்குப் பின் அசையே இல்லாவிட்டாலும், ஓர் அசை வந்தாலும், இரண்டு வந்தாலும் அதற்குப் பெயர் பதினோரசை அடிதான். ஈற்றில் பர்-'லோ வந்தாலும் 'பர்-ல-னோ வந்தாலும் அடி நிறைந்துவிடும். அழுத்தம் வரை முன்னாலிருந்து எண்ணிவிட்டு, அதன்பின் வருவதைக் கணக்கில் தளர்த்திவிடுகிறது இத்தாலியக் காது. வினைக்கு நான் சொல்லும் முறை அந்தக் காதுக்குப் புதிதன்று.

அழுத்தமும் அசைப்பிரிப்பும் சேர்ந்து ஒரு வினையை எப்படிச் செதுக்கியிருக்கின்றன என்பதை அருகில் சென்று பார்ப்போம். “வா” என்னும் வினையின் நிகழ்காலம் இது: 'வெங்-கோ, 'வியே-னி, 'வியே-னே, வெ-'னியா-மோ, வெ-'னீ-தே, 'வெங்-கொ-னோ. முறைகேடான வினை என்று பாடநூல் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும். ஆனால் இரண்டே கேள்விகளில் பகுதியின் உயிர் விளங்கிவிடும். பகுதி அழுத்தம் பெற்றதா? பெற்றது என்றால் அதன் அசை திறந்ததா, மூடியதா? லத்தீனின் குறில் எகரமும் குறில் ஒகரமும் அழுத்தம் பெற்ற திறந்த அசையில் தஸ்கனிப் பேச்சில் இரட்டை உயிராக விரிந்தன. எகரம் இயே ஆனது, ஒகரம் உவோ ஆனது. 'வியே-னி, 'வியே-னே இரண்டிலும் பகுதி அழுத்தம் பெற்றிருக்கிறது, அசை திறந்திருக்கிறது, உயிர் விரிந்தது. 'வெங்-கோ, 'வெங்-கொ-னோ இரண்டிலும் அழுத்தம் உண்டு, அசை மூடியிருக்கிறது, உயிர் விரியவில்லை. வெ-'னியா-மோ, வெ-'னீ-தே இரண்டிலும் அசை திறந்திருக்கிறது, அழுத்தம் இல்லை, அங்கும் விரியவில்லை. ஆறு வடிவங்களும் ஒரே விதியின் விளைவுகள். பஸ்தா பற்றிய வழக்கையும் இங்கேயே தீர்த்துவிடலாம். “உட்காருகிறேன்” என்பது 'சியே-தோ. “உடுத்துகிறேன்” என்பது 'வெஸ்-தோ. இரண்டுக்கும் லத்தீன் மூலத்தில் அதே குறில் எகரம். ஸகரம் பின்னசையோடு சேர்ந்திருந்தால் இரண்டாவதும் வியேஸ்தோ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஸகரம் முன்னசையை மூடுகிறது என்பதை உயிரின் வரலாறே உறுதி செய்கிறது.

நாலுக்கு இரண்டு என்ற கணக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு “முடி” என்னும் வினை சான்று. ஃபி-'னிஸ்-கோ, ஃபி-'னிஷ்-ஷி, ஃபி-'னிஷ்-ஷே, ஃபி-'னியா-மோ, ஃபி-'னீ-தே, ஃபி-'னிஸ்-கொ-னோ. நடுவே நுழைந்திருக்கும் இஸ்க் என்ற உறுப்பு, லத்தீனில் ஒரு செயல் தொடங்குவதைக் காட்டிய இடைநிலையின் வழிவந்தது. இத்தாலியத்தில் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. பொருளற்ற ஓர் உறுப்பு ஏன் நான்கு இடங்களில் மட்டும் குடியேற வேண்டும்? அந்த நான்கும் பகுதி அழுத்தம் பெற வேண்டிய இடங்கள். அங்கே இந்த உறுப்பு வந்து அழுத்தத்தைத் தான் ஏற்றுக்கொள்கிறது. பகுதி ஆறு வடிவங்களிலும் அழுத்தமின்றி மாறாமல் நிற்கிறது. நாம் சாரியை என்கிறோமே, ஏறத்தாழ அந்த வேலைதான் இது. நாம், நீங்கள் இரண்டிலும் விகுதி முன்பே அழுத்தத்தைத் தாங்குவதால் அங்கே சாரியைக்கு வேலை இல்லை, அதனால் அது வருவதும் இல்லை.

லத்தீனின் எச்சத்தைத்தான் இத்தாலியர் மனப்பாடமாகச் சுமக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். லத்தீனை இத்தாலியம் மீறிய இடங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. லத்தீனில் “எழுதுகிறீர்கள்” என்பதில் அழுத்தம் பகுதியின் மேல் இருந்தது. ஈற்றயல் குறில் என்பதால் முந்தைய அசைக்குப் போனது. இத்தாலியத்தில் அது ஸ்க்ரி-'வே-தே. நாம் என்பதற்கு எல்லா வினைகளும் இயாமோ என்ற ஒரே விகுதிக்கு மாறின. ஃபா-தே (செய்கிறீர்கள்), தீ-தே (சொல்கிறீர்கள்) போன்ற ஒருசில குறுவினைகளைத் தவிர, இவ்விரு இடங்களிலும் அழுத்தம் விகுதிக்கே உரியது என்று மொழி தானாக முறைப்படுத்திக்கொண்டது. விழைவு இறந்தகாலத்தில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு மாற்றம். “நாம் பாடினால்” என்பதற்கு லத்தீன் வடிவம் ஈற்றயலை அழுத்தியது. இத்தாலியமோ கன்-'தஸ்-ஸி-மோ என்று அழுத்தத்தை முன்னுக்கு இழுத்தது. இழுத்ததால் அந்த வாய்பாட்டின் ஆறு வடிவங்களும் ஒரே உயிரின்மேல் அழுத்தம் பெற்று ஒரே நெடுவரிசையில் நின்றன. பேசும் மக்கள் அசையை மட்டும் எண்ணியிருந்தால் இந்த இரண்டு மாற்றங்களும் நடந்திரா. அவர்கள் மனத்தில் பகுதியும் விகுதியும் இருந்தன.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய தடைகளை மறைக்காமல் சொல்வதுதான் முறை. முதல் தடை: பகுதி அழுத்தம் பெறும் என்று சொன்னால் போதுமா? பகுதிக்கு இரண்டு மூன்று அசை இருந்தால் அதில் எது? உண்மையில் இங்கேதான் தடுமாற்றம் இருக்கிறது; இத்தாலியருக்கே இருக்கிறது. “மதிப்பிடுகிறேன்” என்பதை வ-'லூ-தோ என்பது முறை. நாணயத்தைக் குறிக்கும் வ-'லூ-தா என்ற பெயரிலிருந்து பிறந்த வினை அது. ஆயினும் 'வா-லு-தோ என்று சொல்பவர் பலர். “தவிர்க்கிறேன்” என்பதற்கு லத்தீன் கணக்கு எ-'வீ-தோ. இன்றைய பொதுவழக்கு 'ஏ-வி-தோ. இத்தகைய ஐயங்களைத் தீர்க்கத்தான் மில்யொரினி, தல்யாவினி, ஃபியொரெல்லி மூவரும் சேர்ந்து எழுத்துக்கும் உச்சரிப்புக்குமான அகராதியை 1969இல் வெளியிட்டார்கள். அறிவிப்பாளர் பிழையின்றிப் பேச வேண்டும் என்று இத்தாலிய வானொலி நிறுவனம் எடுத்த முயற்சி அது. ஆனால் ஐயம் எங்கே எழுகிறது என்று பாருங்கள். 42இல் அந்த எட்டு வடிவங்களில் மட்டுமே. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்ற ஏழும் தெரிந்துவிடும். ஆகவே ஒரு வினைக்கு நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு செய்தி. எழுத்தும் சில இடங்களில் கைகொடுக்கிறது. “அனுப்புகிறேன்” என்பது இன்-'வீ-ஓ, “படிக்கிறேன்” என்பது 'ஸ்தூ-தியோ. இரண்டும் எழுத்தில் இகர ஓகாரத்தில் முடிபவை. ஆனால் நீ என்பதற்கு முதல் வினை இரண்டு இகரங்களோடு எழுதப்படும், இரண்டாவது ஒரே இகரத்தோடு. அழுத்தம் பெற்ற இகரம் விகுதி இகரத்தோடு கரைவதில்லை, அழுத்தமற்றது கரைந்துவிடுகிறது.

இரண்டாவது தடை எகர வினைகளைப் பற்றியது. வெ-'தே-ரே (பார்த்தல்) விகுதியை அழுத்துகிறது. 'ஸ்க்ரீ-வெ-ரே (எழுதுதல்) பகுதியை அழுத்துகிறது. எழுத்தில் இரண்டின் ஈறும் ஒன்றே. லத்தீனில் இவை இரண்டு தனித்தனி வகைகள். ஒன்றில் நெடில் ஏகாரம், மற்றதில் குறில் எகரம். மாத்திரை அழிந்தபின் வகைகள் ஒன்றாகக் கலந்தன, அழுத்தம் மட்டும் பழைய எல்லையைக் காட்டுகிறது. இந்த எல்லையைத் தாண்டிய வினைகளும் உண்டு: சிரித்தல் என்பது லத்தீனில் விகுதியை அழுத்தியது, இத்தாலியத்தில் 'ரீ-தெ-ரே, அறிதல் அங்கே பகுதியை அழுத்தியது, இங்கே ஸ-'பே-ரே. இவற்றை வினையோடு சேர்த்தே கற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் தேர்வு பகுதிக்கும் விகுதிக்கும் நடுவேதான். எழுதுதல் போன்ற வினைகளின் முற்றிய இறந்தகாலமும் அப்படியே: 'ஸ்க்ரிஸ்-ஸி, ஸ்க்ரி-'வெஸ்-தி, 'ஸ்க்ரிஸ்-ஸே, ஸ்க்ரி-'வெம்-மோ, ஸ்க்ரி-'வெஸ்-தே, 'ஸ்க்ரிஸ்-ஸெ-ரோ. நான், அவர், அவர்கள் மூன்றிலும் பகுதி திரிந்து அழுத்தம் பெறுகிறது. மற்ற மூன்றிலும் பகுதி திரியாமல் விகுதி அழுத்தம் பெறுகிறது. திரிபும் அழுத்தமும் கைகோத்தே போகின்றன.

மூன்றாவது தடை வலுவானது. உயிர் விரியும் விதி இன்று உயிரோடு இல்லையே என்பது அது. “ஒலிக்கிறேன், வாசிக்கிறேன்” என்பது 'சுவோ-னோ; பழைய விதிப்படி நாம் என்பதற்கு சொ-'னியா-மோ வர வேண்டும். இன்று பெரும்பாலோர் சுவொ-'னியா-மோ என்றே சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். அழுத்தமற்ற அசையிலும் விரிந்த உயிர் பரவிவிட்டது. தவிர, “போ” என்னும் வினையில் 'வா-தோ என்பதும் அன்-'தியா-மோ என்பதும் வேறுவேறு வேர்கள்; அதை எந்த ஒலிவிதியாலும் விளக்க முடியாது. இரண்டும் உண்மை. ஆனால் போ என்னும் வினையின் வேர்கள் எங்கே பிரிகின்றன? வகரம் நான், நீ, அவர், அவர்கள் என்ற நான்கில். அன்த் என்ற வேர் நாம், நீங்கள் என்ற இரண்டில். “வெளியேறு” என்னும் வினையில் 'எஸ்-கோ, உஷ்-'ஷியா-மோ. “கேள்” என்னும் வினையில் 'ஓ-தோ, உ-'தியா-மோ. “கடமைப்படு” என்பதில் 'தே-வோ, தொப்-'பியா-மோ. எல்லாம் அதே நாலுக்கு இரண்டு. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் மார்ட்டின் மெய்டன், அழுத்தம் உண்டாக்கிய இந்த அச்சு பிற்காலத்தில் ஒலியிலிருந்து விடுபட்டு வினையமைப்பின் தனிச்சொத்தாக ஆனது என்று லத்தீன் வழிவந்த ரோமானிய மொழிகள் பலவற்றிலும் காட்டியிருக்கிறார். அது என் கருத்துக்கு எதிரானதன்று. அழுத்தம் வினையின் உறுப்பமைப்போடு பிணைந்தது என்பதைத்தான் அது இன்னும் உறுதியாகச் சொல்கிறது. சுவொ-'னியா-மோ என்பவர்கள் உயிரைச் சமன்செய்தார்கள். அழுத்தத்தை யாரும் பகுதிக்கு இழுத்துவரவில்லை.

இவ்வளவு தேவையான ஒன்றை எழுத்தில் ஏன் காட்டவில்லை என்ற கேள்வி இத்தாலியிலும் பழையதே. அழுத்தம் பெற்ற அசையில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் திறந்த ஒலி, ஒடுங்கிய ஒலி என்று இரண்டிரண்டு உண்டு. ஆகவே பொதுமொழியில் அங்கே ஏழு உயிர்கள், அழுத்தமற்ற அசையில் ஐந்தே உயிர்கள். “மீன் பிடிக்கிறார்” என்ற வினையும் பீச் பழத்தின் பெயரும் எழுத்தில் ஒன்று, முதல் உயிரின் திறப்பில் வேறு. விசென்சா நகரத்து அறிஞர் த்ரிஸ்ஸினோ 1524இல் திருத்தந்தை ஏழாம் கிளெமென்ட்டுக்கு எழுதிய மடலில், இந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டக் கிரேக்க எழுத்துகளைச் சேர்க்கலாம் என்றார். எகர ஒகரங்களுக்கு அவர் தந்த புது எழுத்துகளை நாடு ஏற்கவில்லை. 1680இல் வட இத்தாலியின் கஸ்தில்யோனே ஊரில் பிறந்து தமிழகம் வந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், தமிழில் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டினார் என்று நம் மரபு நன்றியோடு சொல்கிறது. அந்த இரண்டு உயிர்களே அவர் பிறந்த நாட்டில் இன்றும் பிரிக்கப்படாமல் நிற்கின்றன. வினைக்கு எழுத்து உதவாதபோது இலக்கணம் உதவ வேண்டும். உதவவும் முடியும் என்பதைத்தான் இதுவரை காட்ட முயன்றேன்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய மொழிகளைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குறில், நெடில், ஒற்று, பகுதி, விகுதி, சாரியை, சந்தி என்ற சொற்களோடு வளர்ந்த மாணவருக்கு அவை சுற்றுவழி. பலெர்மோவிலும் பிற இத்தாலிய நகரங்களிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே பிள்ளைகள் பகலில் ஒரு மொழியிலும் வீட்டில் ஒரு மொழியிலும் பேசுகிறார்கள். அவர்களுக்கும் இங்குள்ள மாணவர்களுக்கும் பயன்படும் வகையில், தமிழ் இலக்கணக் கலைச்சொற்களைக் கொண்டே ஓர் இத்தாலிய இலக்கணம் எழுதப்பட வேண்டும். அதன் வினையியலில் முதல் பாடம், கடைசி அசையிலிருந்து எண்ணச் சொல்லாமல், பகுதியையும் விகுதியையும் பிரித்து அழுத்தம் எதன்மேல் என்று கேட்கட்டும். இளம் ஆய்வாளர்கள் இந்தப் பணியை ஏற்றுச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.